மூன்றாவது மைக்

வாசலில் அந்தத் தம்பதியைப் பார்த்ததுமே மைக் கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது.

பத்து நாளில் மூன்றாவது தடவை. வயலின் வாத்தியார் கையில் போன தடவை வாங்கிப்போன அட்டைப்பெட்டி. பின்னால் அவர் மனைவி, கைப்பையை மார்போடு அணைத்தபடி.

"இதுவும் சரிப்படலையா சார்?"

"இல்லப்பா. வேற காட்டேன்."

"என்ன குறைன்னு சொன்னாத்தானே வேற காட்ட முடியும்?"

வாத்தியார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேலே ஓடாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்தார்.

"வாயைத் திறந்து சொல்லுங்களேன்," என்றாள் மனைவி. குரல் கரகரத்தது. "இவர் இப்படித்தான் தம்பி. ஒரு ஜோடி செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குவார்."

கடைக்காரருக்கு முதல் நாள் நினைவுக்கு வந்தது. வீட்டிலேயே வாசித்துப் பதிவு செய்ய வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது என்றுதான் வந்தார்கள். "பாட்டும் உண்டா, வயலின் மட்டுமா?" என்று கேட்டதற்கு அந்த அம்மாதான் அவசரமாகப் பதில் சொன்னாள்.

"பாட்டெல்லாம் இல்ல தம்பி. தொண்டையில ஆபரேஷன் ஆனதோட என் பாட்டு முடிஞ்சுபோச்சு. இப்ப இவர் தனி ஆள்தான்."

தனி ஆள் என்றால் கடைக்காரருக்கு வேலை சுலபம். ஆனால் முதலில் கொடுத்த மைக் நாலே நாளில் திரும்பி வந்தது. அடுத்துக் கொடுத்ததுதான் மைக்கும் ரெக்கார்டரும் ஒன்றாக இருக்கிற இந்தப் பெட்டி. "முன்னாடி வாசிக்கிறது மட்டும்தான் விழும் சார். பக்கத்து ரூம்ல இடி இடிச்சாலும் வராது," என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொடுத்திருந்தார். அதுவும் இதோ வந்துவிட்டது.

பெட்டியைப் பிரித்து ரெக்கார்டரைப் போட்டுப் பார்த்தார். உள்ளே பன்னிரண்டு பதிவுகள்.

கடைக்காரருக்குப் பொறி தட்டியது.

"ஓஹோ! பிடிக்கலைன்னா ஏழு நாளுக்குள்ள திருப்பித் தரலாம்னு வெச்சா, ஓசியிலயே ஆல்பம் போட்டு முடிச்சாச்சா? பன்னிரண்டு பாட்டு! இது கடை சார். வாடகை ஸ்டூடியோ இல்ல."

மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது.

"கடவுளே! போற இடமெல்லாம் பேச்சு வாங்கணுமா? நீங்களே பேசி முடிச்சுட்டு வாங்க. நான் வெளியில நிக்கிறேன்." கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

கதவு மூடும்வரை வாத்தியார் காத்திருந்தார்.

"பன்னிரண்டு பாட்டு இல்லப்பா. ஒரே பாட்டுதான். கேட்டுப் பாரு."

கடைக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். வயலின் இழைந்து வந்தது. கூட ஒரு சின்னச் சத்தம் கிடையாது. இதைவிட என்ன சுத்தம் வேண்டுமாம் இந்த மனுஷனுக்கு?

நடுவில் வயலின் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தொடர்ந்தது.

அடுத்த பதிவைப் போட்டார். அதே பாட்டு. அதே இடத்தில் நிறுத்தம். மூன்றாவதும் அப்படியே.

"இந்த இடம் வந்தா மட்டும் மறந்துபோகுதா சார்?"

வாத்தியார் எட்டி, சத்தத்தை முழுக்க ஏற்றினார்.

முதலில் இரைச்சல். அதற்கு அடியில் குழாய்த் தண்ணீர். பாத்திரம் உரசுகிற ஓசை. அதற்கும் அப்பால் எங்கேயோ, வயலின் விட்ட அடியை எடுத்து ஒரு பெண் குரல் பாடிக்கொண்டிருந்தது. கரகரப்புதான். ஆனால் சுருதி இம்மி பிசகவில்லை.

கடைக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மெல்லத் தலையைத் திருப்பினார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், அந்த அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாடுறது அவளுக்கே தெரியாதுப்பா," என்றார் வாத்தியார், தணிந்த குரலில். "நான் நிறுத்தினா, பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே அவ எடுத்துக்கறா. மைக்கைப் பக்கத்துல கொண்டுபோனா வாயை மூடிக்குவா. 'நீ பாடுறே'ன்னு சொன்னா, 'என்னைத் தேத்தறதுக்காகப் பொய் சொல்லாதீங்க'ன்னு அழறா. ஒரே ஒரு தடவை தெளிவா விழுந்துட்டாப் போதும். அவ காதுல போட்டுக் காட்டிடுவேன்."

கடைக்காரர் குனிந்து கீழ்த்தட்டில் துழாவி, வட்டமாக ஒன்றை எடுத்து, சட்டையிலேயே தூசியைத் துடைத்தார்.

"கூட்டம் போடுறவங்க மேசை நடுவுல வைக்கிற மைக் சார். நாலு பக்கமும் கேக்கும். பாட்டுக்காரங்களுக்கு நான் இதைக் காட்டுறதே இல்ல. விலையும் பாதிதான். போன்ல சொருகி, அடுப்படிக் கதவோரமா வெச்சுடுங்க. பார்க்க டப்பா மூடி மாதிரி இருக்கா, அங்க இருக்கறதே யார் கண்ணுலயும் படாது."

வாத்தியார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கதவு திறந்தது. மனைவி தலையை மட்டும் நீட்டினாள்.

"என்ன தம்பி, முடிஞ்சுதா? அட, இவ்வளவு சின்னதா! விலை?"

"பாதிதாம்மா. மிச்சத்தைத் திருப்பித் தந்துடறேன்."

"அது சரி. அப்ப அந்த ரெண்டு நல்ல மைக்குலயும் இவர் என்னதான் குறை கண்டார்?"

தன் கடைச் சரக்கை யாரும் ஒரு சொல் குறை சொல்ல இதுவரை விட்டதில்லை அந்தக் கடைக்காரர்.

"சார் மேல தப்பே இல்லம்மா. குறை என் மைக்குலதான். முன்னாடி நிக்கிறவங்க சத்தம் மட்டும்தான் அதுக்குக் கேக்குது."