அணில் ஊன்றிய அவரை

அணில் ஒன்று முதல்முறையாகத் தோட்டம் போட்டது. மூலையில் கிடந்த மண்தொட்டியில் ஓர் அவரை விதையை ஊன்றித் தண்ணீர் தெளித்தது. அப்போதுதான் தொட்டிக்குள் ஒரு மண்புழு நெளிவதைப் பார்த்தது. உடனே அதை மிரட்டியது.

"என் விதையில வாய வச்சே, தொலைச்சுடுவேன்!"

"நான் மக்குன இலையத் திங்கிறவன்க்கா. உங்க விதை எனக்கு எதுக்கு?" என்றது புழு.

இத்தனை பணிவாகப் பேசுகிறவனை எப்படி நம்புவது? விடிந்ததும் விடியாததுமாக அணில் மண்ணைக் கிளறிப் பார்த்தது. விதை பத்திரமாக இருந்தது. இன்றைக்கு விட்டுவைத்தவன் நாளைக்குத் தின்னமாட்டான் என்பது என்ன நிச்சயம்? அதனால் தினமும் கிளறியது, முகர்ந்து பார்த்தது, திரும்பப் புதைத்தது.

நான்காம் நாள் கிளறியபோது, வெள்ளையாக, மெலிசாக ஏதோ ஒன்று விதையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

"அடப்பாவி! நீ சும்மா இருந்துக்கிட்டு உன் குட்டிய அனுப்பிட்டியா?" என்று அணில் அதை நறுக்கென்று கடித்துத் துப்பியது.

புழு பதறிப்போனது. "ஐயோ அக்கா! அது விதை விட்ட வேரு!"

"பெத்த பாசம், வேற எப்படிச் சொல்லுவே?" என்றது அணில்.

விதையைப் புதைத்து, தண்ணீர் தெளித்து, அன்றுதான் அது நிம்மதியாகத் தூங்கியது. மறுநாள் மண்ணைக் கிளறவே இல்லை.