பூட்டாத அடாப்டர்

கருணாகரன் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அடாப்டரை வாங்கிய நாளிலிருந்து பூட்டியதே இல்லை. அது நினைப்பதையெல்லாம் அலையாக்கி அனுப்பும். அலைக்குச் சுவர் ஒரு பொருட்டல்ல. பூட்டினாலும் அலை நிற்காது, பாஸ்வேர்டு தெரியாதவர் காதில் வெறும் இரைச்சலாக விழும், அவ்வளவுதான். பூட்டாவிட்டால் அடுக்ககம் முழுக்கக் கேட்கும். அவனுக்கோ சோம்பல்.

அன்று மாமியார் முதல்முறையாக வீட்டுக்கு வருவதாகத் தகவல் வந்தது. அவரைப் பற்றி அவன் நினைப்பதெல்லாம் அடுக்ககத்துக்கே மனப்பாடம். அவருக்கு மட்டும்தான் தெரியாது.

"இதைப் பூட்டிடு தாயே!" என்று மனைவி பொற்கொடியிடம் கெஞ்சினான்.

"செட்டிங்ஸ்ல இருக்கறதுலயே பலமான பூட்டை அன்னிக்கே தேர்ந்தெடுத்து வெச்சிட்டேன். பாஸ்வேர்டு அடிச்சா பூட்டிக்கும். என் பிறந்த நாள்தான்."

"சொல்லேன்."

"அடிங்க, பாக்கலாம்."

மே ஒன்பது? அடாப்டர் மறுத்தது. ஜூலை இரண்டோ?

"அது நீங்க பைக் வாங்கின நாள் சார்!" என்று எதிர்வீட்டு ஜோசப் கத்தினார்.

"மழைக்காலம் தம்பி! அக்கா கேசரி குடுத்தாங்களே!" என்றது மேல்மாடி.

ஐயோ, அந்த ராட்சசி இந்நேரம் லிஃப்டில் ஏறியிருப்பாளே என்று நினைத்தான். நினைத்த பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்?

லிஃப்ட் கதவு திறந்தது. மாமியார் பையைக் கீழே வைத்தார்.

"நவம்பர் பதினேழு, மாப்ள. பூட்டிட்டு வாங்க. ராட்சசிக்குச் சக்கரை கம்மியா ஒரு காபி."