ஊர் மூக்கு

“மெதுவா இறங்குப்பா. தரை அதிர்ந்தா திரை கிழிஞ்சிடும்” என்றார் கஸ்பார்.

“எனக்கே சொல்லித் தர்றியா? நீ பால்பல்லோட திரிஞ்ச காலத்துலயே நான் நிலவறையில பூனை மாதிரி நடந்தவன்டா” என்றார் ஃபெலிசியான். சொல்லிவிட்டுச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் பின்னால் மெழுகுவர்த்தியோடு மனைவி ஒதீல் இறங்கி வந்தாள்.

ஜூரா மலையடியில் மஞ்சள் மதுவைப் பீப்பாயில் ஊற்றி, ஆறு வருஷத்துக்கு மேல் தொடாமல் விட்டுவிடுவார்கள். குறைவதை நிரப்பவும் மாட்டார்கள். மேலே பாலாடை போல் ஒரு திரை படரும். மதுவைக் காப்பது அந்தத் திரைதான். சில பீப்பாய்களில் அது காக்காது. அப்படிக் கெட்டதை உடனே காடிக்கு, அதாவது வினிகருக்கு, ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துப் பீப்பாயையும் கெடுத்துவிடும்.

கெட்டதா இல்லையா என்பது நாக்குக்குத் தெரியாது. நாக்குக்கு எல்லாமே புளிப்பு. மூக்குக்குத்தான் தெரியும்; நல்லதில் வால்நட் வாசனை வரும். அதிலும் சொந்தக்காரன் மூக்கை யாரும் நம்புவதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? அதனால் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். அவர் தீர்ப்புச் சொல்லும்வரை சொந்தக்காரர் மதுவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இந்த ஊரில் அந்த வேறு ஆள் ஃபெலிசியான்தான்.

மூன்று குளிர்காலத்துக்கு முன் வந்த விஷக்காய்ச்சலில் அவருடைய மூக்கு செத்துப்போயிருந்தது. அது ஒதீலுக்கு மட்டும்தான் தெரியும். விளக்குப் பிடிக்கிற சாக்கில் அவளும் கோப்பையின் மேல் குனிவாள். பிறகு அவர் முதுகில் விரலால் அழுத்துவாள். ஒரு முறை என்றால் நல்லது. இரண்டு முறை என்றால் காடி.

இன்று வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அவர் தயங்கினார். “உண்மையைச் சொல்லிடறேன் ஒதீல். கஸ்பார் பொண்டாட்டி லூசியோட பீப்பாய்ல என்னால நடிக்க முடியாது.”

“சொல்லுங்க. நீங்க காடிக்கு அனுப்பின பீப்பாய்க்காரங்க அத்தனை பேரும் நாளைக்கு வாசல்ல வந்து நிப்பாங்க. வாயை மூடிக்கிட்டு வாங்க.”

நிலவறையில் கஸ்பார் அந்தப் பீப்பாயின் மேல் உள்ளங்கையை வைத்தார். “இது லூசியோட கடைசி அறுவடை. கூடையைத் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியும் கேக்காம வந்து பறிச்சா. பனி விழறதுக்குள்ள போயிட்டா.”

“பேசாத கஸ்பார். வழக்கம் இருக்குல்ல?”

“மதுவைப் பத்திதானே பேசக் கூடாது? நான் பொண்டாட்டியைப் பத்திப் பேசறேன்.”

கஸ்பார் பீப்பாயின் முகத்தில் செருகியிருந்த சிறு மர ஆணியை உருவினார். நூல் போல் இறங்கிய மதுவைக் கோப்பையில் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய்விட்டு, ஒன்றும் சொல்லாமல் நீட்டினார்.

ஃபெலிசியான் கண்களை மூடி முகர்ந்தார். கிணற்றில் கல்லைப் போட்டும் சத்தம் வராதது போல் இருந்தது. ஒரு வாய் குடித்தார். புளிப்பு. அவ்வளவுதான்.

ஒதீல் குனிந்தாள். நிமிர்ந்தாள். முதுகில் விரல் படவில்லை.

அவர் இன்னொரு வாய் குடித்தார். அப்போதும் படவில்லை. லூசி பறித்த பழத்தைக் காடிக்கு ஊற்று என்று எந்த வாயால் சொல்வது?

விரல் அழுத்தியது. ஒரு முறை.

இரண்டாவதற்காகக் காத்திருந்தார். அது வரவேயில்லை.

“இருக்கட்டும் கஸ்பார்” என்றார். “திரை காப்பாத்திடுச்சு. வால்நட் வாசனை கிளம்பியிருக்கு. தொடாம விட்டுவை.”

கஸ்பார் பீப்பாயில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “எனக்கும் அப்படித்தான் பட்டுச்சுப்பா. ஆனா என் மூக்கை யாரு நம்பறது?”

திரும்பும் வழியெல்லாம் பனி. இருவரும் திராட்சைத் தோட்டத்தைத் தாண்டினார்கள்.

“ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டே? எனக்கு உயிரே போயிடுச்சு” என்றார் ஃபெலிசியான். “நிஜமாவே வால்நட் வாசனை வந்துச்சா?”

“எனக்கென்ன தெரியும்?”

அவர் நின்றுவிட்டார்.

“ஒரே கட்டில்ல, ஒரே காய்ச்சல்லதானே ரெண்டு பேரும் கிடந்தோம்? உங்களுக்குப் போனப்பவே எனக்கும் போயிடுச்சு. நீங்க என்னை நம்பி நின்னுட்டீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?”

“அப்போ இத்தனை நாளும் மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னது யாரு?”

“பீப்பாய்க்காரங்கதான்” என்றாள் ஒதீல். “கோப்பையை நீட்டறதுக்கு முன்னாடி அவங்களே ஒரு தரம் மோந்துக்குவாங்க. அந்த முகத்தைப் பார்த்துதான் நான் அழுத்துவேன். இன்னிக்கு கஸ்பார் கண்ணு பூரா தண்ணி. அது வடிஞ்சு முகம் தெளியற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க வேண்டியதாப்போச்சு.”