ஆட்சேபணை வரவில்லை

குளத்து அதிகாரியான கொக்கு, புது விதி ஒன்றை எழுதி முறைப்படி கரைப் பலகையில் ஒட்டியது. ஆட்சேபணை உள்ள மீன்கள் பௌர்ணமிக்குள் நேரில் வந்து சொல்லலாம் என்று நத்தை தண்ணீருக்குள் தண்டோரா போட்டது.

கெண்டைக்கு இருப்புக் கொள்ளவில்லை. "விதியில அப்படி என்னண்ணே இருக்கு?"

"அறிவிக்கத்தான் எனக்கு உத்தரவு. படிக்கணும்னா கரைக்குப் போகணும்," என்றது நத்தை.

படித்துவிட்டு வருகிறேன் என்று கெண்டையின் அக்கா போனாள், திரும்பவில்லை. அவளைத் தேடிப் போன மாமாவும் வரவில்லை.

பௌர்ணமி கழிந்து நத்தை மறுபடி வந்தது. "ஆட்சேபணை எதுவும் வரலையாம். விதி உறுதியாயிடுச்சு. இப்போ வாசிச்சுக் காட்டச் சொல்லி உத்தரவு."

"வாசிங்க."

"கரைக்கு வர்ற மீனைக் கொக்கு தின்னலாம்."

"அக்கா போனப்போ விதி உறுதியாகலையே?" என்றது கெண்டை.

"இன்னும் ஒரு வரி இருக்கும்மா," என்றது நத்தை. "பலகையில ஒட்டின நாள்லேர்ந்தே அமல்."