உதிரப்பட்டி

அண்ணி கை நீட்டவில்லை.

பாளையக்காரர் ஒரு பிடி மண்ணோடு காத்திருந்தார். தலையில் புதுப் பட்டு உருமால். போரில் காட்டிய வீரத்துக்காக மதுரை நாயக்கர் தன் கையாலேயே கட்டிவிட்டதாம்.

நாயக்கர் ஓலை அனுப்பினார். வீட்டுக்கொரு ஆள் போருக்கு வரவேண்டும் என்றார் பாளையக்காரர். எங்கள் வீட்டிலிருந்து அண்ணன் போனான்.

வடக்கே பன்னிரண்டு நாள் நடை. போனவர்கள் முந்நூறு பேர். வந்தவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் ஒன்றையேதான் சொன்னார்கள். பொழுது உச்சிக்கு ஏறுமுன் இவர் குதிரை தெற்கே திரும்பிவிட்டது.

செத்தவன் வீட்டுக்கு உதிரப்பட்டி கொடுப்பது வழக்கம். ரத்தத்துக்கு ஈடாக ஒரு துண்டு நிலம். அதன் மண்ணைப் பாளையக்காரர் அள்ளி விதவையின் கையில் இடுவார். வாங்கிக்கொண்டால் நிலம் அந்த வீட்டுக்கு.

அடுத்த ஓலை வரும்போது அந்த வீட்டிலிருந்து இன்னொரு ஆள் அவருக்கு.

எங்கள் வீட்டில் மிச்சம் நான்தான்.

"முத்திருளன் பெண்டாட்டி, நேரமாகுது. வாங்கிக்கோ" என்றான் கட்டியக்காரன்.

அண்ணி தலை நிமிராமலே பேசினாள். குரலில் அவ்வளவு மரியாதை.

"அவுக விழுந்த எடத்து மண்ணுன்னா வாங்கிக்கிடுதேன், மகராசா. அது எந்த எடமுன்னு மட்டும் சொல்லுங்க."

பாளையக்காரர் தளபதியைப் பார்த்தார்.

தளபதி தன் செருப்பைப் பார்த்தார். பாளையக்காரர் குதிரைக்கும் முன்னால் ஊர் வந்து சேர்ந்தது அவர் குதிரை.

கூட்டத்தில் எவனோ இருமினான். அது இருமல் இல்லை.

நாற்பது வருஷம் ஆகியும் பாளையக்காரரின் அந்தக் கையை நான் மறக்கவில்லை. வியர்த்து, மண் விரலிடுக்கில் ஒட்டத் தொடங்கியிருந்தது. மோதிரங்கள் நிறைந்த, காயம் ஒன்றுகூட இல்லாத கை. அந்தப் போரில் அதில் பட்ட அழுக்கு அவ்வளவுதான்.

அவர் மண்ணைக் கீழே போட்டார். உடனே ஒருவன் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தான்.

வெயில் சாயுமுன் ஊரைவிட்டுப் போகச் சொல்லி ஆள் வந்தது.

அண்ணி பானையைக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். வேறு எதையும் எடுக்கவில்லை.

தெற்கே அவள் பிறந்த ஊர். அங்கேதான் என்று நான் முன்னால் நடந்தேன்.

எல்லைக்கல் தாண்டித் திரும்பிப் பார்த்தேன்.

அவள் வடக்கே போய்க்கொண்டிருந்தாள்.