நாற்பத்தைந்து விநாடி சாட்சி

"நக்கோ, வேணாம் ஷெர்லிம்மா, என் பேரைப் போடாதீங்க. விட்டுடுங்க."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஹில்டா, கைப்பேசியைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு கிசுகிசுத்தாள். மேடை வெளிச்சத்தில் கண் கூசியது. சிறந்த நடிகை விருதுக்கு இன்னும் இரண்டே நிமிஷம்தான்.

மறுமுனையில் ஷெர்லி, செகந்திராபாத் தமிழ்ச் சபைப் போதகரின் மனைவி. விடுகிற ஆள் இல்லை.

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க? நாளைக்குப் பெண்கள் ஞாயிறு. ஆராதனைத் தாள்ல 'சாட்சி'ன்னு போட்டு, பக்கத்துல பேரு காலியா கிடக்கு. ஜெராக்ஸ் கடைக்காரன் அஞ்சு மணிக்கு மூடிடுவான்."

"சினிமாக்காரிக்கு ஏது சாட்சின்னு கேட்டவங்க உங்க பெண்கள் சங்கத்துலயே இருக்காங்களே."

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்கக்கா."

ஊர் வாய்க்காக மட்டும் ஹில்டா மறுக்கவில்லை. தன்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறதென்று அவளுக்கே தெரியவில்லை. கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபை முன்னால் சொல்வதுதான் சாட்சி; ஒருத்தி புற்றுநோயிலிருந்து பிழைத்ததைச் சொல்வாள், இன்னொருத்தி மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொல்வாள். இருபத்திரண்டு வருஷம் பூச்சும் வெளிச்சமுமாக ஓடிப்போன பிழைப்பில் எதை எடுத்துச் சொல்வது? நினைத்தாலே அலுப்பாக இருந்தது.

"இந்த ஆண்டின் சிறந்த நடிகை... ஸ்ரீலேகா!"

ஒலிபெருக்கி அலறியதும் ஹில்டா எழுந்தாள். முழங்கால் மளுக்கென்றது. நாற்பத்தெட்டு வயதில் நாலங்குலக் குதிகால் செருப்பு, எவன் கண்டுபிடித்த தண்டனையோ!

ஹில்டா என்பது வீட்டோடும் சர்ச்சோடும் சரி. சினிமாப் பக்கம் வந்துவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எத்தனையோ பெயர்களுக்கு எழுந்து நின்றவள், இதற்கும் எழுந்து நடந்தாள்.

கைதட்டல் காதைப் பிளந்தது. படியேறும்போது திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையில் பெரிய பெரிய நட்சத்திரங்கள் அத்தனை பேரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடக் கண் சிமிட்டவில்லை.

யாரோ விருதைக் கையில் திணித்தார்கள். பார்வைக்குத் தங்கமாக மின்னிய சிலை, கைக்கு வந்ததும் பஞ்சாக இருந்தது. அடக் கர்த்தாவே, இதற்கா இத்தனை அடிபிடி!

எதிரே சிவப்பு எழுத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கியது. விழாவை நடத்த சென்னையிலிருந்து வந்திருந்த குமரவேல் முன்பே கறாராகச் சொல்லியிருந்தார். "நாற்பத்தஞ்சு விநாடி. எது வேணும்னாலும் பேசுங்க. தாண்டினா மியூசிக்கைப் போட்டு இறக்கிடுவேன்."

"அந்தரிக்கி நமஸ்காரம்..." என்று தெலுங்கில் ஆரம்பித்தாள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மைக்கைப் பிடித்தால் சர்ச்சில் எல்லாரும் முதலில் சொல்வது வாய் தவறி வந்து விழுந்தது.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

விழுந்தது விழுந்ததுதான். அப்புறம் தமிழ் தானாக வந்தது.

"நான் ரொம்பக் களைச்சுப் போயிட்டேங்க. இந்த வெளிச்சத்துக்குள்ள வந்தா பெரிய ஆளா ஆயிடுவேன்னு நினைச்சேன். மூக்கு சரியில்ல, நிறம் பத்தலன்னு கண்ணாடி முன்னாடி உட்கார்ந்து அழுதிருக்கேன். மேக்கப்பைக் கழுவினா மிச்சம் இருக்கிற மூஞ்சி யாருதுன்னே எனக்கு மறந்துபோச்சு."

கடிகாரம் இருபத்தைந்து காட்டியது.

"வெள்ளையில வாங்கன்னு சொன்னாங்க. என்கிட்ட இருக்கிற ஒரே வெள்ளை, இந்த நற்கருணைப் புடவைதான். மாசத்துக்கு ஒருநாள் இதைக் கட்டிக்கிட்டுப் பீடத்துகிட்ட முழங்கால் போடுவேன். அங்க யாரும் என்கிட்ட 'ஒன் மோர் டேக்' கேட்டதில்ல. வெறும் கையை நீட்டுறேன், அப்பத்தை வைக்கிறாங்க. நீ அழகா, ஜெயிச்சியான்னு ஒரு கேள்வி கிடையாது."

சிலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"ஊருக்கு என் பேரு தெரியாட்டி பரவாயில்ல. என்னைப் படைச்சவருக்குத் தெரியும். கைதட்டலே இல்லாட்டியும் நான் அவருக்கு வேணும். இதைத் தெரிஞ்சுக்க எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அவ்வளவுதாங்க."

கடிகாரத்தில் பூஜ்யம் விழுந்தது.

ஹில்டாவுக்கு மூச்சு லேசாக வந்தது. அட, சாட்சி என்பது இதுதானே! நாளைக்கு இதையே சொல்லிவிட்டால் போகிறது. ஜெராக்ஸ் கடை மூட இன்னும் நேரம் இருக்கிறது, இறங்கியதும் ஷெர்லியைக் கூப்பிட்டுப் பெயரைப் போடச் சொல்லிவிட வேண்டும்.

"டைம் கரெக்ட்!" இருட்டுக்குள்ளிருந்து ஒலிபெருக்கியில் குமரவேலின் குரல் வந்தது. ஏனோ கொஞ்சம் கரகரத்தது. "லைட் ஓகே, கேமரா ஓகே, கைதட்டல் ரெக்கார்டிங்கும் ஓகே. சீட்ல ஒட்டின போட்டோ அட்டையை யாரும் எடுக்காதீங்கப்பா, அடுத்த விருதுக்கும் ஒத்திகை பார்க்கணும். நிஜ ஸ்ரீலேகா மேடம் வர ஏழு மணி ஆகும்."

ஹில்டா சிலையை மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கத் திரும்பினாள்.

"ஒரு நிமிஷம்." மறுபடி அதே குரல். "உங்க பேரு என்னம்மா?"