வெள்ளைக் கீற்று

பதுளை வானிலை அலுவலக ஜன்னலில் ஆகஸ்ட் வெயில் பழுப்பேறிக் கிடக்கிறது. செயற்கைக்கோள் படம் கணினித் திரையில் மேலிருந்து கீழாக மெல்ல இறங்குகிறது. அதிகாரி யோகமலரின் பின்னால் மூச்சைப் பிடித்தபடி நிற்கும் சிவனம்மா, அடையாள அட்டைக்காக டவுனுக்கு வந்தவள். மடுல்சீமைப் புல்மலை தீப்பற்றியதால் திரும்பிப் போக பஸ் இல்லை; நிலவரம் கேட்க இங்கே வந்திருக்கிறாள். பிள்ளைகள் இருவரும் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில். "எங்க தோட்டம் எங்கங்க இருக்கு?" யோகமலர் விரல் வைக்கிறாள். அங்கே ஊசிமுனையாய்த் தொடங்கும் வெள்ளைக் கீற்று, காற்று போகும் திசையில் விசிறியாக விரிந்திருக்கிறது. புகைதான் அப்படி விரியும். "மேகம் எறங்கிருச்சுங்க! மழ வந்து நெருப்ப அணைச்சிரும், இல்லீங்களா?" சிவனம்மாவின் முகம் மலர்கிறது. "அது வந்து, அம்மா..." என்று தொடங்கும் யோகமலர், திரையிலிருந்து விரலை எடுத்துக்கொள்கிறாள். இன்னும் நன்றாகப் பார்க்கவேண்டுமென்று, சிவனம்மா திரையில் படிந்திருக்கும் தூசியை முந்தானையால் துடைக்கிறாள்.